உட்காரச் சொல்ல எழுந்தவர்

முதுகுளத்தூருக்குக் கிழக்கே, பஸ் எட்டிப் பார்க்காத வெள்ளாரியேந்தலில் இருளாண்டி என்று ஒரு சம்சாரி இருந்தார். வானம் பார்த்த காட்டில் கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் கேப்பை, ஒரு ஜோடி உழவு மாடு. சுற்று வட்டாரத்தில் ஒரு திருவிழாவோ, கட்சி மீட்டிங்கோ, மாட்டுவண்டிப் பந்தயமோ அவர் இல்லாமல் நடந்ததில்லை. ஆனால் அதில் ஒன்றையாவது அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்ததில்லை. இந்தக் கொடுமை எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டுமானால் அவருடைய உயரத்தில்தான் தொடங்க வேண்டும்.

இருளாண்டி அப்படி ஒரு உயரம். எந்த வீட்டு நிலைப்படியும் அவருக்குப் பகை; நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். இளவட்டமாக இருந்த காலத்தில் கூத்துப் பார்க்கப் போனால் உட்காருவதற்கு முன்னாலேயே குரல் வந்துவிடும்.

"ஏலே நெட்டக்கொக்கு, உக்காருலே. மறைக்குது."

உட்காருவார். உட்கார்ந்தும் தலை தெரியும். "இன்னுங் கொஞ்சம் உக்காருலே" என்பார்கள். முதுகை வளைத்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, ஆமை மாதிரி ஒடுங்குவார். கொஞ்ச நேரத்தில் கழுத்து வலித்து நிமிர்ந்தால் மண்ணாங்கட்டி வந்து முதுகில் விழும். சரி, வம்பே வேண்டாம் என்று கடைசியில் போய் நிற்பார். கூட்டம் என்பது ஒரு வினோதமான பிராணி. எவ்வளவு பின்னால் போய் நின்றாலும் நமக்குப் பின்னால் ஒருத்தன் வந்து சேர்ந்துகொண்டு, "மறைக்குது" என்பான். அப்படியே தள்ளித் தள்ளி, ஒரு தடவை நயினார்கோவில் திருவிழாவில் அவர் வந்து நின்ற இடம் வண்டி மாடுகள் கட்டியிருந்த இடம். மாடுகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் கழித்து, ஓடைப் பாலம் ஒன்றைத் திறக்க ஒரு மந்திரி வந்தார். ஜனம் அலைமோதியது. மேடைக்கு முன்னால் கூட்டத்தை அடக்க நிறுத்தியிருந்த தொண்டர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டார். அவரை நிழலுக்குத் தூக்கிப் போன கையோடு, விழா நடத்தியவர்களில் ஒருவர் அவர் சட்டையில் இருந்த பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் மேலே தெரிந்த தலை ஒன்றே ஒன்றுதான். பேட்ஜ் இருளாண்டி சட்டைக்கு வந்தது.

"இங்கன நின்னு எல்லாத்தையும் உக்காரச் சொல்லுய்யா. வேற ஒண்ணுஞ் செய்ய வேணாம்."

இருளாண்டி மேடைக்கு முதுகைக் காட்டி, ஜனத்தைப் பார்த்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் உக்காருங்கப்பா. பின்னால இருக்கவுக பாக்க வேணாமா?"

உட்கார்ந்தார்கள். அதைவிட அதிசயம், முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நிற்கிற அவரைப் பார்த்து ஒருத்தரும் "உக்காருலே" என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யாரும் அவருக்குச் சொல்லித் தராத உண்மை அன்றைக்கு விளங்கிப் போயிற்று: கூட்டத்தில் நிற்க உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். மற்றவர்களை உட்காரச் சொல்லுகிறவன்.

மந்திரி என்ன பேசினார், ரிப்பனை எந்தக் கையால் வெட்டினார் என்று பிற்பாடு யாராவது கேட்டால் இருளாண்டிக்குத் தெரியாது. "கூட்டம் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுச்சு" என்பார். அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்தது அதுதான்.

பேட்ஜைத் திருப்பிக் கேட்க யாருக்கும் ஞாபகமில்லை. கொடுக்க அவருக்கும் ஞாபகமில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழாவா, சட்டையில் பேட்ஜ். தேர்தல் மீட்டிங்கா, எந்தக் கட்சியானாலும் சரி, அதே பேட்ஜ். முளைப்பாரி ஊர்வலம் பார்க்க நிற்கிற பொம்பளைகள் முன்னால் போய் நின்று, "வரிசையா உக்காருங்க ஆத்தா" என்பார். ஊர்வலம் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். கமுதிக்கு டூரிங் கொட்டகை வந்தபோது அங்கேயும் எழுந்துவிட்டார். மிஷினிலிருந்து வந்த வெளிச்சம் அவர் தலையில் பட்டு, திரையில் அழுதுகொண்டிருந்த கதாநாயகி முகத்தின் மேல் இருளாண்டியின் குடுமி நிழலாக விழுந்தது. கொட்டகையே கூப்பாடு போட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவ்வளவு சத்தம் போட்டா பின்னால இருக்கவுகளுக்கு வசனம் எப்படிக் கேக்கும்?" என்றார், இரண்டு கையையும் தூக்கி. நிழலும் இரண்டு கையைத் தூக்கியது.

அவர் பெண்சாதி பூமயில் தாய்மாமன் மகள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எல்லா வேடிக்கைக்கும் கூடவே போவாள். புருஷனுக்கு முன்வரிசை உரிமை உண்டு என்பதால் அவளுக்கும் முன்வரிசையில் இடம் கிடைக்கும். அந்த இடம் சரியாக அவருக்குப் பின்னால் அமையும். அவள் பார்த்தது அத்தனையும் ஒரு வெள்ளைச் சட்டையின் பின்பக்கம். வேர்வை முதலில் எங்கே ஊறும், பிறகு எந்தப் பக்கம் பரவும் என்று அவளுக்கு மனப்பாடம்.

மாட்டுவண்டிப் பந்தயத்திலிருந்து திரும்பி வருகிற வழியில் ஒருநாள் இருளாண்டி கேட்டார், "கூட்டம் எப்பிடி இருந்துச்சு? அடக்கமா இருந்துச்சுல்ல?"

"மச்சான், ஒரு நாளாவது பந்தயம் எப்பிடி இருந்துச்சுன்னு கேளுங்க."

"எப்பிடி இருந்துச்சு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் நின்னீகளே."

"நான் நின்னதாலதான் மத்தவுக உக்காந்தாக."

"உக்காந்து?"

கொஞ்ச தூரம் போனதும் பூமயில் மறுபடி ஆரம்பித்தாள்.

"சரி, அந்தக் குடைக்காரரை ஏன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கிறீக?"

குடைக்காரர் என்று அவள் சொன்னது பெரிய வீட்டுக் குருநாதனை. கண்மாய்க்கு அந்தப் பக்கம் பாதிக்கு மேல் அவர் காடு. எந்த விழாவுக்கும் வண்டியில் மடக்கு நாற்காலியும் குடையும் வரும். நாற்காலியை எல்லோருக்கும் முன்னால் போட்டு அவர் உட்காருவார். பண்ணையாள் ஒருத்தன் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். சட்டி கவிழ்த்தது மாதிரி பெரிய குடை. அதற்குப் பின்னால் ஒரு தெருவே உட்கார்ந்து குடைத்துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருளாண்டி அங்கே போனால் குரலே மாறிவிடும். "ஐயாவுக்கு வெயில் படலையே?" என்று கேட்டுவிட்டு, அப்படியே திரும்பி, பின்னால் எட்டிப் பார்க்கிறவனை, "ஏலே, தலைய இறக்குலே" என்பார்.

"அவுக ஏற்கனவே உக்காந்துதான இருக்காக" என்றார் இருளாண்டி. "உக்காந்திருக்கவுகளப் போயி எப்பிடி உக்காரச் சொல்றது?"

பூமயில் நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வீடு வரைக்கும் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

அந்த வருஷம் வெள்ளாரியேந்தலிலேயே எருதுகட்டு வைத்தார்கள். திடலின் நடுவில் கல்லை நட்டு, வைக்கோலில் திரித்த வடத்தின் ஒரு முனையைக் கல்லிலும் மறுமுனையை மாட்டின் கழுத்திலும் கட்டி விடுவார்கள். வடம் எட்டுகிற மட்டும் மாடு வட்டம் சுற்றும். மாடுபிடிக்கிற இளவட்டங்கள் அதற்குள் இறங்குவார்கள். ஜனம் வட்டத்துக்கு வெளியே. வடத்தை இழுத்து அளந்து, எது வரைக்கும் ஆபத்து என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டது இருளாண்டிதான். "இந்தக் கோட்டத் தாண்டுனா மாடு கேக்காது" என்று எல்லோரையும் எச்சரித்துவிட்டு, கோட்டுக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டார். கோடு பொதுஜனத்துக்குத்தானே.

கமுதிப் பக்கத்திலிருந்து பஞ்சம்மாள் என்று ஒரு விதவை தன் காளையைக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள். கன்றாக வாங்கி, தவிடும் பருத்திக்கொட்டையும் தன் வாயைக் கட்டி ஊட்டி வளர்த்த மாடு. மாட்டைக் கல்லில் கட்டும் வரைக்கும் கூட இருந்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பக்கம் குடை, ஒரு பக்கம் இருளாண்டி. நடுவில் இருந்த சந்தில் அவளுக்குத் தெரிந்தது தூரத்துக் கருவேல மரம்.

"யப்பா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கய்யா. எம் மாடு இப்ப வருது."

"உக்காருங்க ஆத்தா."

"உக்காந்துதான் இருக்கேன்."

"அப்பச் சரி" என்றார் இருளாண்டி.

"எம் மாட்ட நான் பாக்கணும்யா. வளத்தவ நானு."

"எல்லாரும் பாக்கத்தான் வந்திருக்காக. ஒருத்தருக்குன்னு சலுகை காட்ட முடியுமா? ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

பக்கத்தில் இருந்த பூமயில் பஞ்சம்மாளின் முழங்கையைத் தொட்டு, "விடுங்க மதினி, இவரோட நான் குடும்பமே நடத்துறேன்" என்றாள்.

கொட்டு முழங்கியது. மாட்டை வட்டத்தில் விட்டுவிட்டார்கள் என்பது இருளாண்டிக்கு ஜனத்தின் முகத்திலிருந்து தெரிந்தது. அவருக்கு எல்லாமே அப்படித்தான். இத்தனை வருஷத்தில் முகங்களைப் படிக்கப் பழகியிருந்தார். வாய் திறந்தால் ஒருத்தன் மாட்டின் திமிலைப் பிடித்திருக்கிறான். "உச்" கொட்டினால் கீழே விழுந்துவிட்டான். சிரித்தால் வேட்டி அவிழ்ந்திருக்கும். ஆனால் அன்றைக்கு முகங்களில் வந்தது புதிதாக இருந்தது. எல்லாக் கண்ணும் ஒரே சமயத்தில் அவரையே பார்த்தது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு முன்வரிசை எழுந்தது. இரண்டாம் வரிசை எழுந்தது.

"உக்காருங்க" என்றார். "ஏன் எந்திரிக்கிறீக? மறைக்குதுல்ல."

ஒருத்தரும் உட்காரவில்லை. கையைக் காட்டி என்னவோ கத்தினார்கள். பூமயில் "மச்சான்" என்று கூவியது அந்த இரைச்சலில் கரைந்து போயிற்று. இத்தனை வருஷமாகக் கட்டுப்பட்ட கூட்டம் ஒரு நிமிஷத்தில் கலகம் பண்ணுகிறதே என்று இருளாண்டிக்கு ரத்தம் கொதித்தது. அந்த நேரத்தில்தான் அவர் தன் ஆயுளில் காணாத காட்சியைக் கண்டார். குருநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்தது மட்டுமில்லை, வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் தாவினார்.

இருளாண்டிக்குப் பதறிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார். "ஐயா, நீங்க எதுக்கு எந்திரிக்கணும்? நீங்க உக்காருங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஞ்சம்மாளின் காளை வந்து சேர்ந்தது.

தொடையில் கொம்பைக் கொடுத்துத் தூக்கி, அது அவரை விட்ட இடம் குருநாதனின் நாற்காலி. முன்வரிசையில், நாற்காலியில், மாட்டைப் பார்த்தபடி இருளாண்டி உட்கார்ந்தார். ஒரு மூச்சு நேரம் உட்கார்ந்தார் என்று பார்த்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். அப்புறம் நாற்காலியின் கால் மடங்கியது. பண்ணையாள் கோட்டுக்கு உள்ளே போட்டுவிட்டு ஓடிய குடையை மாடு மிதித்து, கொம்பில் குத்தி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்க் கம்பியும் துணியுமாகப் பிரித்துப் போட்டது.

இருளாண்டியைத் துண்டில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். பூமயில் தலைவிரி கோலமாகக் கூடவே ஓடினாள். கலைந்த ஜனம் கோட்டுக்கு வெளியே மெல்ல மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்தது. குடையும் இல்லை, முதுகும் இல்லை. கடைசி வரிசையில் இருந்தவன் வரைக்கும் திடல் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தது. பஞ்சம்மாளின் காளை அன்றைக்கு யார் கையிலும் அகப்படவில்லை. அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு போட்டு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டு, அசையாமல் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரிக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. "கால் எப்பிடி இருக்கு?" என்று ஆரம்பிப்பார்கள். உடனே, "ஆனா ஒண்ணுண்ணே, அன்னைக்கு மாடு நின்னு விளையாண்டது இருக்கே" என்று கண் விரியச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எத்தனையோ வருஷத்தில் அவர்கள் முழுசாகப் பார்த்த ஒரே எருதுகட்டு அது. மறைத்த முதுகை அப்புறப்படுத்திய மாட்டின் மேல் இருந்த நன்றி அந்தப் பேச்சில் தெரியாமல் இருக்க அவர்களும் பாடுபடத்தான் செய்தார்கள்.

குருநாதனும் ஆள் அனுப்பினார். கூட்டத்தை ஒழுங்காக அடக்கத் தெரியாதவர்கள் எதற்குப் பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஐயா வருத்தப்பட்டதாக ஆள் சொன்னான்.

எல்லோரும் போன பிறகு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்த இருளாண்டி கேட்டார்.

"பூமயிலு, அந்த மாடு என்ன நெறம்?"

கேப்பை புடைத்துக்கொண்டிருந்த பூமயில் கையை நிறுத்தினாள். குத்தின மாட்டின் நிறத்தைக் குத்து வாங்கினவர் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"சாம்பப் பூத்த மயிலை. கழுத்துல மட்டும் கருப்பு."

"கொம்பு?"

"விரிகொம்பு. நுனி உள்ள வளைஞ்சிருக்கும். உங்களத் தூக்குறப்பக்கூட அது மூஞ்சில கோவமே இல்ல மச்சான். வழியில கெடக்குற கட்டைய நகட்டுற மாதிரி நகட்டுச்சு."

அடுத்த வருஷம் எருதுகட்டு வந்தபோது இருளாண்டி கம்பு ஊன்றி நடந்தார். நெடுநேரம் நிற்க முடியாது. திடலுக்கு வந்தவரை இளவட்டங்கள், "அண்ணே, இங்கன வாங்க, காலை நீட்டி உக்காருங்க" என்று முன்வரிசையில் இடம் விட்டு உட்கார வைத்தார்கள். அதில் மரியாதையும் இருந்தது. உட்கார்ந்தே இருப்பார் என்ற நிம்மதியும் இருந்தது. பூமயில் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளிக் குருநாதன், புது நாற்காலி, புதுக்குடை.

முதல் மாட்டை விட்டார்கள். இருளாண்டி பார்த்தார். மாடு ஓடியது, சுற்றியது, திரும்பியது. பின்னால் ஜனம் "ஆ" என்றது. எதற்கு என்று அவருக்குப் பிடிபடவில்லை. சிரித்தார்கள், அதுவும் புரியவில்லை. மாட்டைப் பார்த்தால் ஜனம் என்ன செய்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. பிடரியில் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது மாட்டை விடுவதற்குள் கம்பை ஊன்றி, இடுப்பை நகர்த்தி நகர்த்தி, உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பிவிட்டார். இப்போது திடலுக்கு முதுகு, ஜனத்துக்கு முகம். யாருக்கும் மறைக்கவில்லை.

"என்ன மச்சான் இது?"

"நீ பாட்டுக்கு மாட்டப் பாரு. நான் இங்கிட்டுப் பாத்துக்கிறேன்."

பூமயில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "செவலை இறங்குது, ஒருத்தன் வாலுக்குப் போறான்" என்று சொன்னாள். அவர், "அதான் அங்கன ஒரு பொம்பள வாயப் பொத்துறா, அவ மகனா இருக்கும்" என்றார். இருவருக்கும் நேரம் போனது தெரியவில்லை.

குருநாதனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. தன் பக்கமாகவே ஒருத்தன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"என்ன இருளாண்டி, மாட்டப் பாக்காம என்னையவே பாத்துக்கிட்டு இருக்க?"

"உங்களப் பாக்கல ஐயா" என்றார் இருளாண்டி, வெகு பணிவாக. "உங்களுக்குப் பின்னால இருக்க சனத்தப் பாக்கலாம்னு பாக்குறேன். குடை மறைக்குது."

கொட்டு நின்றிருந்த நேரம் அது. சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது. குடைக்குப் பின்னால் யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. பண்ணையாள் குடையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் முதலாளி முகத்தைப் பார்த்தான். குருநாதன் திடலைப் பார்த்தபடி கையை மட்டும் அசைத்தார். குடை மடங்கியது. பங்குனி வெயில் அவருடைய வழுக்கையில் இறங்கியது. இன்னும் ஒரு மாடு பார்த்தார். அப்புறம் காட்டில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தான் செய்தது என்ன என்று இருளாண்டிக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை. பூமயில் விளக்கவும் இல்லை. உண்மையாகவே மறைத்தது, அவர் சொன்னார், அவ்வளவுதான்.

பொழுது சாய, கண்மாய்க்கரை வழியாக இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவர் கம்பு ஊன்றி மெதுவாக வந்ததால் அவளும் மெதுவாக நடந்தாள்.

"ஏ பூமயிலு, கடைசிக்கு முந்தின மாட்டுக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாகளே, அது எதுக்கு?"

"அதுவா? பிடிக்க வந்தவன் திமில விட்டுட்டு வடத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான் மச்சான். மாடு நின்னு திரும்பி அவனையே பாக்குது. இவன் கண்ண மூடிக்கிட்டு, 'பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்'ங்கிறான்."

இருளாண்டி கம்பை ஊன்றி நின்று, வயிறு குலுங்கச் சிரித்தார்.